ஈ.சி.யில் வராத அக்கா

வீடு வாங்கப் போறேன்னு சொன்னா எங்க ஊர்ல முதல்ல கேக்குற கேள்வி "எம்புட்டு?". ரெண்டாவது கேள்வி "வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா?". ரெண்டாவதுக்கு நான் ரொம்பப் பெருமையா "பாத்தாச்சுண்ணே, சுத்தமா இருக்கு"ன்னு ஆறு வாரம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்த ஆறு வாரத்தைப் பத்தினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வீடு வாங்குற யோசனை இல்லாதவங்களும் படிக்கலாம், அடுத்தவன் அசடு வழிஞ்ச கதைன்னா யாருக்குத்தான் பிடிக்காது :-)

ஊர் ராசிங்காபுரம். போடியிலிருந்து தேவாரம் போற ரோட்டுல, மேற்க பாத்தா மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. நியூட்ரினோ ஆய்வகம்னு பேப்பர்ல அடிபட்டுச்சே பொட்டிபுரம், அது எங்களுக்குப் பக்கம்தான். அப்பா மலை மேல ஏலத்தோட்டத்துல கணக்குப்பிள்ளையா இருந்து ஓய்வாகி ஊருக்கு இறங்கிட்டாரு. நான் கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில கணக்கு எழுதுறேன் (பரம்பரைத் தொழில்!). அப்பாவும் அம்மாவும் பங்காளிகளோட ஒண்டிக்கிட்டு இருக்க வேண்டாம்னு நாலு வருஷமா ஒரு வீடு தேடிக்கிட்டிருந்தோம்.

போன ஆவணியில அமைஞ்சது. அதே தெருவுல, எனக்குச் சித்தப்பா முறை ஆகுறவரோட வீடு. ஓட்டு வீடு, பின்னாடி மாடு கட்ட இடம், அடிபம்பு. 18 லட்சத்துக்குப் பேசி முடிச்சோம். சித்தப்பாவுக்குப் பணம் அவசரம். 2019 ஆகஸ்ட்ல புத்தடி ஏலத்துல ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு, ஞாபகம் இருக்கா? அந்தச் சூட்டுல மேல பாட்டத்துக்குத் தோட்டம் எடுத்தவங்கள்ல அவரும் ஒருத்தர். ரெண்டு மூணு வருஷத்துல விலை ஆயிரத்துக்குக் கீழ இறங்கிடுச்சு. மிச்சத்தை நீங்களே ஊகிச்சுக்கலாம்.

ஈ.சி. போட்டேன். பதிவுத்துறை வெப்சைட்லயே போடலாம், கோயம்புத்தூர்ல உக்காந்துக்கிட்டே போட்டேன். ஒரே ஒரு பதிவு. 1984-ல் தாத்தா (சித்தப்பாவோட அப்பா) கிரயம் வாங்குனது. தேனி மாவட்டம் பிரிஞ்சதே 1996-ல்தான், அதனால பத்திரத்துல 'மதுரை ஜில்லா'ன்னு இருக்கு. அதுக்கப்புறம் அடமானம் இல்ல, விற்பனை இல்ல, எதுவும் இல்ல. பிரிண்ட் எடுத்து ஆபீஸ் நண்பர்கள்ட்டயெல்லாம் காமிச்சேன். காமிச்சிருக்க வேண்டாம்.

பத்திரம் எழுதுறவர் ஒருத்தரைப் பிடிச்சோம். ஊர், பேரெல்லாம் வேண்டாம். அனுபவஸ்தர், கையெழுத்து முத்து முத்தா இருக்கும், இப்ப கம்ப்யூட்டர்லயும் அடிக்கிறாரு. அவர் சொன்னது இது: "தாத்தா பேர்ல இருக்கு, தாத்தா இல்ல. வாரிசுச் சான்று வாங்கிட்டு வந்துருங்க, மகன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருவாரு. பொம்பளப் பிள்ளைக எல்லாம் கட்டிக் கொடுத்துப் போயிருச்சுல்ல, பிரச்சனை இல்ல." சித்தப்பாவுக்கு ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. ஒருத்தர் போடியில, ஒருத்தர் கம்பத்துல. ரெண்டு பேரும் எனக்கு அத்தை முறை. நானும் தலையாட்டிட்டு வந்தேன்.

அப்புறம் இன்னொரு யோசனையும் சொன்னாரு. "18-ன்னு ஏன் காட்டுறீங்க? 10-ன்னு போடுங்க, மிச்சத்தைக் கையில கொடுத்துருங்க. அம்மா பேர்ல வாங்குனா இன்னும் குறையும்." எனக்குக் கணக்குப் புத்தி உடனே வேலை செஞ்சது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 18 லட்சத்துக்கு 1,62,000. பத்து லட்சம் வரைக்கும் உள்ள சொத்தைப் பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல ஒரு சதவீதம் குறைப்புன்னு 2025 ஏப்ரல்ல வந்திருக்கு. அப்போ 80,000 தான். 82,000 மிச்சம்! பஸ்ல வரும்போதே அந்தக் காசுல பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டிட்டேன், மனசுக்குள்ள.

இதெல்லாம் நடந்துக்கிட்டிருக்கும்போது ஒரு ஞாயித்துக்கிழமை அம்மா சாதாரணமாக் கேட்டாங்க.

"அந்த வீட்டுல இருக்கிறவுக எப்படா காலி பண்றாக?"

"சித்தப்பா சொல்லிருவாரும்மா. வாடகைக்குத்தானே இருக்காங்க."

"வாடகையா? ஒத்திடா அது. ரெண்டு லட்சம் குடுத்து உக்காந்துருக்கா அந்தப் பிள்ளை."

தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. டீக்கடைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கும் அந்த ஈ.சி.க்கும் மட்டும்தான் தெரியல.

ஒத்தின்னா என்னன்னு தெரியாத பட்டணத்து நண்பர்களுக்கு: மொத்தமா ஒரு தொகையை வீட்டுக்காரர்ட்ட கொடுத்துட்டுக் குடியேறணும். வாடகை கிடையாது. பேசுன வருஷம் முடிஞ்சதும் அவர் தொகையைத் திருப்பிக் கொடுப்பாரு, நாம சாவியைக் கொடுக்கணும். பணத்துக்கு வட்டி கிடையாது, வீட்டுக்கு வாடகை கிடையாது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரி. மதுரைப் பக்கமெல்லாம் சர்வ சாதாரணம். பெரும்பாலும் 20 ரூபாய், 50 ரூபாய் முத்திரைத்தாள்ல எழுதி, ரெண்டு சாட்சி போட்டு வச்சுக்குவாங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கமே போக மாட்டாங்க. பதியாத ஒண்ணு ஈ.சி.யில எப்படி வரும்?

அன்னிக்கே அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அக்காவுக்கு நாப்பது வயசு இருக்கும். வீட்டுக்காரர் இல்ல. ரெண்டு பிள்ளைங்க, பெரியவ பத்தாவது. விடியக்காலை ஜீப் ஏறி போடிமெட்டு வழியா மேல போய்க் காய் எடுத்துட்டுப் பொழுது சாய வர்றவங்க. மஞ்சப்பையில ரேஷன் கார்டோட வச்சிருந்த பத்திரத்தை எடுத்துக் காட்டுனாங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி எழுதுனது, மூணு வருஷக் கெடு, ரெண்டு லட்சம். சித்தப்பா கையெழுத்து சுத்தமா இருக்கு. கெடு முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு, கேட்டா 'வீட்டை வித்துக் குடுத்துர்றேன்'னு சொல்லியிருக்காரு. அந்த வித்துக் கொடுக்குறதுல வாங்குறவன் நான்தான்!

அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "தம்பி, நீங்க வாங்கிட்டீங்கன்னா நான் காசை யார்ட்ட கேக்கணும்?"

பத்திரம் எழுதுறவர்ட்ட திரும்பப் போனேன். அவர் சிரிச்சாரு. "பதியாத ஒத்தி தம்பி. செல்லாது. கிரயத்தை முடிச்சுட்டு ஒரு நோட்டீஸ் விட்டா எந்திரிச்சிருவாக. பணத்தை உங்க சித்தப்பாட்ட கேட்டுக்கிரட்டும்." சித்தப்பாவும் போன்ல, "நீ அதை என் தலையில போட்டுட்டு வாங்கு, வேணும்னா ஒரு லட்சம் குறைச்சுக்க"ன்னாரு.

ஒளிவு மறைவு இல்லாம எழுதணும்னுதான இங்க எழுதுறோம். எனக்கு ஆசையா இருந்துச்சு. 82,000 பிளஸ் ஒரு லட்சம். ராத்திரி சாப்பிடும்போது அப்பாட்ட இதை ஒரு நல்ல வழி மாதிரிச் சொன்னேன். அவர் கை கழுவிட்டு வந்து ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "நீ நாலாப்பு படிக்கையில நாம ஏன் மேல எஸ்டேட்டுக்குப் போனோம், தெரியுமா?"ன்னாரு.

எஸ்டேட்ல வேலை கிடைச்சதுன்னுதான் எனக்குத் தெரியும்.

"ஒத்திக்கு இருந்தோம். எட்டாயிரம். வீட்டை வித்துப்புட்டாக. வாங்குனவரு வந்து சாமானை வெளிய வச்சாரு. உங்கம்மா அப்ப உன் தங்கச்சிய மாசமா இருந்தா. எஸ்டேட்ல லயன் வீடு குடுத்தாக, அதான் போனோம். எட்டாயிரம் வந்து சேர மூணு வருசம் ஆச்சு. ஐநூறும் முன்னூறுமா."

அம்புட்டுதான். வாங்காதேன்னும் சொல்லல, வாங்குன்னும் சொல்லல. துண்டை விரிச்சுத் திண்ணையில படுத்துட்டாரு.

மறுநாள் தேனியில ஒரு வக்கீலைப் போய்ப் பாத்தேன். முதல்லயே பாத்திருக்கணும். பத்திரம் எழுதுறவரும் வக்கீலும் வேற வேற ஆளுன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது. பத்திரம் எழுதுறவர் லைசென்ஸ் வாங்கித் தொழில் செய்றவர்தான், ஆனா நாம சொல்றதை முறையா எழுதிக் கொடுக்கிறதோட அவர் வேலை முடிஞ்சது. விக்கிறவருக்கு விக்கிற உரிமை இருக்கான்னு சல்லடை போட்டுச் சலிக்கிறது வேற வேலை. இன்னொண்ணும் சொன்னாரு வக்கீல். பேங்க்ல லோன் போட்டா அவங்க வக்கீல் பாத்துக்குவாருன்னு நினைக்காதீங்க, அவர் பாக்குறது பேங்க்கோட பணத்தை, உங்க நிம்மதியை இல்ல.

ஈ.சி.யைக் கையிலயே வாங்கல அவரு. "இது பதிஞ்ச கதை மட்டும் தம்பி. பதியாத கதையெல்லாம் தெருவுலதான் கெடக்கும்"னாரு. உயில் எழுதியிருந்தா பதியணும்னு கட்டாயமே இல்ல, அதனால ஈ.சி.யில வராமப் போகலாம். தாத்தா செத்ததும் சொத்து யார் யாருக்குப் போச்சுங்கிறது ஈ.சி.யில வராது. ஒரிஜினல் பத்திரத்தைக் கந்து வட்டிக்காரர்ட்ட சும்மா கொடுத்து வச்சிருந்தா வராது. அதனாலதான் மூலப்பத்திரம் ஒரிஜினலாக் கையில இருக்கணும்கிறாங்க. 'தொலைஞ்சு போச்சு'ன்னு சொன்னா போலீஸ்ல புகார், கண்டுபிடிக்க முடியலன்னு சான்று, பேப்பர்ல விளம்பரம் எல்லாம் பாத்துட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசணும். (நல்லவேளை, எங்க விஷயத்துல ஒரிஜினல் இருந்துச்சு. தகரப் பெட்டியில, ரெண்டு ஓரம் செல்லரிச்சு.)

பதிஞ்சிட்டா வீடு நமக்குன்னு நினைக்கிறதே தப்பாம். 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதியுது, உரிமையை இல்ல. 2025 ஏப்ரல்ல நம்ம தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுலயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லியிருக்கு. விக்கிறவருக்கு உரிமை இருக்கா இல்லையான்னு பாக்குறது சார்பதிவாளர் வேலை இல்லன்னு சொல்லி, முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டணும்னு வச்சிருந்த விதியை ரத்து பண்ணுச்சு. அதே வருஷம் சட்டசபையில அதுக்கு ஒரு திருத்த மசோதாவும் வந்துச்சு. விதி எப்படி மாறுனாலும், சலிக்க வேண்டியது வாங்குறவன்தான்.

முதல் ஓட்டை, அத்தைங்க. 'கட்டிக் கொடுத்தாச்சு, பங்கு இல்ல'ங்கிறது டீக்கடைச் சட்டம். தாத்தா சொந்தக் காசுல வாங்குன சொத்து, உயில் எழுதாம 2009-ல் செத்தாரு, பாட்டியும் இல்ல. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகள்களுக்கும் சரிசமமா ஒவ்வொரு பங்கு. அந்தக் காலத்துல குடும்பம் குடியிருக்கிற வீட்டை மகள் முன்வந்து பாகம் பிரிக்கக் கேக்க முடியாதுன்னு ஒரு பிரிவு இருந்துச்சு. 2005 திருத்தத்துல அதையும் தூக்கிட்டாங்க. எல்லாரும் பேசுற அந்த 2005 திருத்தம் பூர்வீகச் சொத்துக்கு ரொம்ப முக்கியம், ஆனா எங்க கேஸுக்கு அது வரைக்கும் போகவே வேண்டாம். சித்தப்பா மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தா மூணுல ஒரு பங்குதான் எனக்கு வந்திருக்கும். 18 லட்சத்துக்கு ஆறு லட்சம் பெறுமான வீடு. அதுவும் எந்த ரூம்னு தெரியாது!

அடுத்து 10 லட்சக் கதை. பத்திரத்துல பத்துன்னு எழுதினா நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டா பத்துக்குத்தான் ஆதாரம். 2015-லிருந்து நிலம், வீடு விஷயத்துல 20,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டம் வேற இருக்கு. டைல்ஸ் மனசுக்குள்ளயே உடைஞ்சுது.

கடைசியா ஒத்தி. நான் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன், "பதியாத ஒத்தி செல்லாதுங்கிறாங்களே சார்?"

"செல்லாது. நூறு ரூபாய்க்கு மேல உள்ள ஒத்திக்குப் பதிஞ்ச பத்திரம் வேணும். அதனால?"ன்னு கேட்டுட்டு விளக்குனாரு. ஒத்தின்னு அது நிக்காது, ஆனா பணம் கொடுத்தது பொய்யாகாது. 1882-ம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றச் சட்டத்துலயே, ஒரு வீட்டுல யார் குடியிருக்காங்களோ அவங்களுக்கு அதுல என்ன உரிமை உண்டோ அது வாங்குறவனுக்குத் தெரியும்னுதான் எடுத்துக்கிடணும்னு இருக்காம். எனக்குத் தெரியாது, ஈ.சி.யில வரலன்னு கோர்ட்ல போய்ச் சொல்ல முடியாது. நேர்ல போய்க் கதவைத் தட்டிக் கேட்டியான்னுதான் கேப்பாங்க. அப்புறம் சாமானைத் தூக்கி வெளிய வைக்கிற வேலை. சட்டப்படி இல்லாம வெளியேத்தினா, ஆறு மாசத்துக்குள்ள வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பிடிக்கலாம், அந்த வழக்குல சொந்தக்காரர் யாருங்கிற கேள்வியே எழாது. 1963-ம் வருஷத்துச் சட்டம். அப்பாவுக்கு அன்னிக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தா? சொல்லியிருந்தாலும் வழக்குப் போட எங்க போறது, கைக்காசு எட்டாயிரமும் அங்க மாட்டிக்கிட்டு இருக்கும்போது.

லண்டன்ல இருக்கிற கல்லூரி நண்பன்ட்ட இதைப் புலம்புனேன். அவன் அங்க வீடு வாங்கும்போது கன்வேயன்சர்னு ஒருத்தர், இந்த மாதிரி சொத்து மாத்துற வேலைக்குன்னே லைசென்ஸ் வாங்குனவர், முழுக்கப் பாத்துக்கிட்டாராம். முன்னாடி அங்கயும் வக்கீல்களோட ஏகபோகமா இருந்த வேலை, 1985-ல் சட்டம் கொண்டுவந்து இவங்களுக்கும் திறந்து விட்டிருக்காங்க. அங்க அரசாங்கப் பதிவேட்டுல பேர் இருந்தா அவர்தான் ஓனர், பத்திரக் கட்டைத் தூக்கிக்கிட்டுத் திரிய வேண்டாம். பெருமூச்சு விட்டேன். ஆனா அவன்ட்டயும் அந்த கன்வேயன்சர் விக்கிறவரைக் கேக்கச் சொன்ன ஒரு கேள்வி: வீட்டுல வேற யார் பெரியவங்க குடியிருக்காங்க? ஏன்னா 1980-ல் அங்க ஒரு வழக்கு. வீடு கணவன் பேர்ல. மனைவியும் காசு போட்டிருக்காங்க, ஆனா பதிவேட்டுல பேர் இல்ல. கணவன் பேங்க்ல அடமானம் வச்சுட்டாரு. பேங்க் மனைவியை ஒரு வார்த்தை கேக்கல. பிரபுக்கள் சபை வரைக்கும் போய் மனைவிதான் ஜெயிச்சாங்க. அவ்வளவு பெரிய பதிவேடு வச்சிருக்கிற ஊர்லயே கதவைத் தட்டித்தான் ஆகணும் போல.

அதுக்கப்புறம் நடந்ததுல பாதி அத்தைங்க, சித்தப்பா குடும்ப விஷயம், அதை இங்க எழுத மாட்டேன். கம்பத்து அத்தை சொன்ன ஒண்ணு மட்டும்: "பங்கு கெடக்கட்டும்யா, விக்கப் போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" மூணு பேரும் சேந்து கிரயம் கொடுக்கிறதா முடிவாச்சு. பத்திரத்துல 18-ன்னே போட்டோம்.

அக்கா விஷயம்தான் முடிச்சு. அவங்க வேற வீட்டுக்குப் போகணும்னா முதல்ல ரெண்டு லட்சம் கையில வேணும். நான் பணம் கொடுக்கணும்னா முதல்ல வீடு காலியாகணும். வக்கீல் ஒரு வழி சொன்னாரு. கிரய ஒப்பந்தம் போடுறது, சும்மா முத்திரைத்தாள்ல இல்ல, பதிஞ்சு (நம்ம மாநிலத்துல 2012 டிசம்பர்லயிருந்து அதையும் பதியணும்). அட்வான்ஸ்ல ரெண்டு லட்சம் நேரா அக்கா பேங்க் கணக்குக்குப் போகும், அது ஒத்திக் கடனுக்காகத் தன் சம்மதத்தோட கொடுத்ததுன்னு சித்தப்பா எழுதிக் கொடுப்பாரு. அவங்க காலி பண்ண நாலு மாசம். "பணத்தை வாங்கிட்டு எந்திரிக்கலன்னா நீங்க அலையணும், அதையும் சொல்லிட்டேன்"னாரு வக்கீல். வீட்டம்மாவும் அதையேதான் கேட்டாங்க, இன்னும் கொஞ்சம் சத்தமா. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சரியாத் தூக்கம் இல்லங்கிறதையும் எழுதிடுறேன்.

ஒப்பந்தம் பதிஞ்ச அன்னிக்கு அக்கா வேலைக்குப் போகல. பழைய பத்திரத்துக்குப் பின்னாடி 'ஒத்தித் தொகை பூராவும் வந்து சேர்ந்தது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. அப்பா பக்கத்துல உக்காந்து அந்தக் காகிதத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பேங்க் மெசேஜ் வந்ததை அக்காவோட பெரிய பொண்ணு ரெண்டு தடவை படிச்சுக் காமிச்சா.

மார்கழியில யாரும் வீடு மாற மாட்டாங்கன்னு தெரியாம நான் கெடு வச்சுட்டேன், கார்த்திகைக் கடைசியிலேயே சாவியைக் கொண்டுவந்து அம்மாட்ட கொடுத்துட்டாங்க. தையில கிரயம் முடிஞ்சது. பட்டா மாறுதலுக்கு மனு போயிருக்கு, இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கு.

போன வாரம் ஊருக்குப் போனப்ப அக்காவைத் தெருவுல பாத்தேன். மூணு தெரு தள்ளி வீடு பிடிச்சிருக்காங்க. ஒத்திக்குத்தான், ரெண்டேகால் லட்சம்.

"இந்தத் தடவையாவது ரிஜிஸ்டர் பண்ணீங்களாக்கா?"

"கேட்டேன் தம்பி. பதியுறதா இருந்தா வேற ஆளைப் பாத்துக்கிறேன்ட்டாரு வீட்டுக்காரரு."